கத்திரி வெயிலில் வீட்டுத் தோட்டம்: கடலூர், புதுச்சேரி மண்ணுக்கு எவ்வளவு தண்ணீர், எப்படி?

மொட்டை மாடித் தொட்டியிலிருந்து அரை இன்ச் ஹோஸ் பைப்பில் இறங்கும் தண்ணீர் பெரும்பாலும் நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வரும். பைப்பைப் புல்தரையில் போட்டுவிட்டு அரை மணி நேரம் வேறு வேலை பார்த்தால் 300 லிட்டருக்கு மேல் போய்விடும். அந்தப் புல்லுக்கு வேண்டியது எவ்வளவு? மே மாதத்தில் நம் கடலோரத்தில் வெயிலும் காற்றும் சேர்ந்து மண்ணிலும் இலையிலும் இருந்து இழுக்கும் நீர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 மி.மீ. அருகம்புல், கொரியன் புல் வகைகளுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 4 மி.மீ. கிடைத்தால் போதும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. என்பது 1 லிட்டர். 300 சதுர அடிப் புல்தரை சுமார் 28 சதுர மீட்டர். ஆக ஒரு நாளைக்கு 110 லிட்டர் போதும். மீதி வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்குகிறது, இல்லையென்றால் தெருவில் வழிகிறது.

உங்கள் வீட்டுக் கணக்கைப் போட 15 லிட்டர் பக்கெட்டும் கைக்கடிகாரமும் போதும். பக்கெட் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடம் பிடித்தால் நிமிடத்துக்கு 15 லிட்டர். 300 சதுர அடிக்கு ஒரு நாள் தேவை ஏழெட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். தண்ணீர் மிச்சம் பிடிக்க எந்தக் கருவி வாங்குவதற்கு முன்பும் இந்த ஒரு எண் கையில் இருக்க வேண்டும்.

இந்தக் கடலோரத்தில் வீணாகும் தண்ணீருக்கு இன்னொரு விலையும் உண்டு. கடற்கரையை ஒட்டிய மணற்பாங்கான நிலத்தில், நிலத்தடி நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. உப்புநீர் சற்றே கனமானது என்பதால் இரண்டும் அடுக்காக நிற்கின்றன. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் கிடைக்கும். கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவரின் பெயரில் வழங்கும் கணக்கு இது. இதையே திருப்பிப் பாருங்கள்: இறைத்து இறைத்து நன்னீர் மட்டம் 1 மீட்டர் சரிந்து அப்படியே நின்றுவிட்டால், கீழே உப்பின் எல்லை காலப்போக்கில் 40 மீட்டர் மேலே ஏறும். தேவனாம்பட்டினம், தாழங்குடா, வைத்திக்குப்பம், வீராம்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் ஆழம் குறைந்த போர் வைத்திருப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். களிமண் அடுக்குகளுக்குக் கீழே இருக்கும் ஆழமான நீரடுக்குகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்பதும் உண்மை. மேலோட்டமான போர் என்றால் மோட்டாரை ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் ஓட்டாமல், அரை மணி அரை மணியாகப் பிரித்துத் தொட்டியை நிரப்புங்கள். ஒரே இடத்தில் வேகமாக உறிஞ்சும்போது அடியில் இருக்கும் உப்புநீர் கூம்பு போல மேலெழும்பிக் குழாயைத் தொடும்.

ஆகவே கோடைப் பாசனத்தைத் தொடங்கும்போது இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் மண் எது, உங்கள் தண்ணீரில் உப்பு எவ்வளவு. பக்கத்து வீட்டுக்காரர் செய்வதைப் பார்த்துச் செய்வது பலிக்காமல் போவது இந்த இரண்டால்தான்.

மண் மூன்று வகை, இடைவெளியும் மூன்று வகை

கடலை ஒட்டி மணல். கேப்பர் மலை, கோரிமேடு, காலாப்பட்டு, ஆரோவில் பக்கம் செம்மண். பாகூர், சிதம்பரம் பக்கம் வண்டலும் களியும். மூன்றும் சில கிலோமீட்டர் இடைவெளியில் மாறிவிடுகின்றன. சந்தேகம் இருந்தால் அரை அடி ஆழத்து மண்ணை எடுத்து நனைத்து உருட்டிப் பாருங்கள். உருண்டையே நிற்கவில்லை என்றால் மணல். உருண்டை நிற்கிறது, திரித்தால் உடைகிறது என்றால் நடுத்தரம். புழுப்போலத் திரிக்க வந்தால் களி. மனை மேடாக்க வெளியிலிருந்து மண் கொட்டிய வீடுகளில் மேலே செம்மண், கீழே மணல் என்றும் இருக்கும். இரண்டு இடத்தில் தோண்டிப் பார்ப்பது நல்லது.

புல்லின் வேர் ஆறேழு அங்குலத்துக்குள் அடங்கிவிடும். அந்த ஆழத்தில் மணல் தேக்கி வைக்கும் நீர் இரண்டு நாளைக்குத்தான் வரும். செம்மண் மூன்று நாள் தாங்கும். களி நான்கைந்து நாள் தாங்கும். எனவே மணலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 8 மி.மீ., செம்மண்ணில் மூன்று நாளுக்கு ஒரு முறை 12 மி.மீ., களியில் நான்கு நாளுக்கு ஒரு முறை 16 மி.மீ. மேலே சொன்ன 300 சதுர அடிக்கு இவை முறையே சுமார் 220, 330, 450 லிட்டர். மொத்தத் தேவை எல்லா மண்ணுக்கும் ஒன்றுதான். எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதுதான் மாறுகிறது.

தினமும் ஐந்து நிமிடம் மேலாகத் தெளிப்பதைப் போல வீணான வேலை இல்லை. மேல் அரை அங்குலம் நனைகிறது, பத்து மணிக்குள் ஆவியாகிறது. வேரும் ஈரம் இருக்கும் இடத்திலேயே, மேலாகவே சுற்றிக்கொண்டு நிற்கும். அப்புறம் இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்தால் புல் கருகிக் கிடக்கும். மணலில் மட்டும் இதற்கு நேர்மாறான தவறு நடக்கும். வாரத்துக்கு ஒரு முறை வெள்ளமாக விட்டால், முக்கால் பங்கு வேரைத் தாண்டி இறங்கிவிடும்.

களியில் இன்னொரு சிக்கல். களி ஒரு மணி நேரத்தில் 5 மி.மீ. அளவுக்குத்தான் உறிஞ்சும், ஹோஸ் பைப் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. கொஞ்சம் விடுங்கள், தேங்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி விடுங்கள். இப்படி மூன்று தவணையாக விட்டால் வழிந்தோடுவது நின்றுவிடும்.

நனைந்த ஆழத்தைப் பார்க்க ஒரு நீள ஸ்க்ரூ டிரைவர் போதும். தண்ணீர் விட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பாருங்கள். ஈர மண்ணில் சுலபமாக இறங்கும், காய்ந்த மண் தொடங்கும் இடத்தில் முட்டும். ஆறு அங்குலம் இறங்கினால் சரி. புல்லும் தானே சொல்லும்: மிதித்துவிட்டு நகர்ந்த பிறகு காலடித் தடம் நிமிராமல் அப்படியே நின்றால், பச்சை மங்கிச் சாம்பல் நீலம் தட்டினால், அன்றைக்குத் தண்ணீர் விடும் நாள். அந்த அறிகுறி தெரியும்வரை காத்திருப்பதால் புல்லுக்குக் கெடுதல் எதுவும் இல்லை.

ஸ்பிரிங்க்ளர் வைத்திருப்பவர்கள் நேரான பக்கங்கள் உள்ள ஐந்தாறு டின் அல்லது டப்பாவைப் புல்தரையில் அங்கங்கே வைத்து 15 நிமிடம் ஓட்டி, ஸ்கேலால் ஆழத்தை அளந்து பாருங்கள். ஒன்றில் 3 மி.மீ., இன்னொன்றில் 9 மி.மீ. என்று வந்தால், காய்ந்த மூலைக்காக மொத்தத் தரைக்கும் மூன்று மடங்கு விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். தலையை நகர்த்திச் சரிசெய்தால் அதுவே பெரிய மிச்சம். காலை ஆறு மணிக்கு முன்பு காற்று அடங்கியிருக்கும், அப்போது ஓட்டுங்கள். மாலையில் கடற்காற்று வீசும்போது ஓட்டினால் பாதி சுவரில்தான் படும்.

புல்லை ஒட்ட வெட்டுவதைக் கோடையில் நிறுத்துங்கள். இரண்டு அங்குல உயரம் விட்டால் தன் நிழலிலேயே மண்ணைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளும். வெட்டிய துணுக்கை அள்ளாமல் அங்கேயே விடலாம். மே மாதத்தில் யூரியா போடாதீர்கள். இளந்தளிர் வேகமாகக் கிளம்பி அதற்குத் தனியாகத் தண்ணீர் கேட்கும்.

வீட்டு முன்பக்கம் முழுக்கப் புல்தரை வேண்டுமா என்பதை எல்லாரும் ஒரு முறை யோசிக்க வேண்டும். குழந்தைகள் விளையாடும் பகுதிக்கு மட்டும் புல்லை வைத்துக்கொண்டு, ஓரங்களில் பொடுதலையைப் படரவிடலாம். கை வைத்தியத்துக்கு எல்லாரும் தேடும் அதே பொடுதலைதான். தரையோடு படரும், உப்பைத் தாங்கும், மிதித்தாலும் ஓரளவு தாங்கும். ஆனால் பூக்கும்போது தேனீ வரும் என்பதால் வெறுங்காலுடன் நடக்கும் இடத்தில் வேண்டாம். மஞ்சள் பூ பூக்கும் வெடேலியாவைச் சில இடங்களில் இதே வேலைக்கு நடுகிறார்கள். அது வேலி தாண்டிப் பரவி மற்ற செடிகளை அழுத்திவிடும் களை, தவிர்த்துவிடுங்கள்.

சொட்டுநீர்: தொட்டி அழுத்தத்தில் எது வேலை செய்யும், எது செய்யாது

பூச்செடி, காய்கறிப் பாத்தி, வேலியோரச் செடி எல்லாவற்றுக்கும் சொட்டுநீர்தான் சிறந்தது. வீட்டில் போட்ட சொட்டுநீர் ஒரே கோடையில் மூலைக்குப் போய்விடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், அழுத்தம்.

தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடும் மூடி போன்ற ட்ரிப்பரின் மேல் எழுதியிருக்கும் 4 லிட்டர் என்பது 1 பார் அழுத்தத்தில் ஒரு மணி நேரத்துக்கு வரும் அளவு. தொட்டியின் நீர்மட்டம் தோட்டத்தைவிட 10 அடி உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.3 பார்தான். அந்த அழுத்தத்தில் 4 லிட்டர் ட்ரிப்பரில் வருவது 2 லிட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். கடையில் சொன்ன கணக்கை நம்பி அரை மணி நேரம் திறந்துவிட்டு, செடிக்கு 2 லிட்டர் போய்விட்டது என்று நினைத்திருந்தால் உண்மையில் போனது ஒரு லிட்டர்தான். அழுத்தத்தைத் தானே சமன் செய்யும் வகை ட்ரிப்பர்களை மோட்டாரில் நேரடியாக ஓட்டுபவர்கள் வாங்கலாம். தொட்டி அழுத்தத்தில் அவை ஒழுங்காக வேலை செய்யாது. உங்களுக்கு வேண்டியது சாதாரண, கழற்றிச் சுத்தம் செய்யக்கூடிய ‘ஆன்லைன்’ ட்ரிப்பர், அதாவது பைப்பில் துளை போட்டு வெளியிலிருந்து செருகும் வகை.

வாங்க வேண்டியவை: முக்கால் இன்ச் பால் வால்வு, முக்கால் இன்ச் ஸ்க்ரீன் ஃபில்டர், 16 மி.மீ. கறுப்பு லேட்டரல் பைப் (செடிகளின் ஓரமாகப் போகும் கிளைக் குழாய்), அதைப் பொருத்த க்ரோமெட்டும் டேக்-ஆஃபும், ட்ரிப்பர்கள், 4 மி.மீ. கறுப்பு மைக்ரோ ட்யூப், துளை போடும் பஞ்ச், எண்ட் கேப். வெள்ளை நிற ட்யூப் வேண்டாம்; வெளிச்சம் புகுந்து உள்ளே பாசி பிடிக்கும். ஆணியைச் சுட்டுத் துளை போட்டால் துளை பெரிதாகி ட்ரிப்பரைச் சுற்றி ஒழுகும். அதற்கென்று இருக்கும் பஞ்சை வாங்கிவிடுங்கள்.

பைப்பை இரண்டு மணி நேரம் வெயிலில் போட்டு இளக்கிய பிறகு விரித்தால் சுருளாமல் படியும். தொட்டி அழுத்தத்தில் ஒரு லேட்டரல் 50, 60 அடிக்கு மேல் போக வேண்டாம். தோட்டம் நீளமாக இருந்தால் நடுவில் தண்ணீரைக் கொடுத்து இரு பக்கமும் பிரியுங்கள். ட்ரிப்பர் செருகுமுன் எண்ட் கேப்பைத் திறந்து இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுத் துகளை வெளியேற்றுங்கள். பிறகு முதல் ட்ரிப்பருக்கும் கடைசி ட்ரிப்பருக்கும் கீழே டம்ளர் வைத்து ஆறு நிமிடம் பிடியுங்கள். அதைப் பத்தால் பெருக்கினால் ஒரு மணி நேர அளவு வரும். இரண்டுக்கும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால் லேட்டரல் நீளம் அதிகம், இல்லை ஃபில்டர் அடைத்திருக்கிறது.

மணலில் சொட்டும் நீர் பக்கவாட்டில் பரவாமல் ஒடுங்கிக் கீழே போகும். நனையும் வட்டம் ஒரு அடிதான் இருக்கும். ஆகவே மணலில் ஒரு செடிக்கு இரண்டு ட்ரிப்பர், ஒரு அடி இடைவெளியில். களியில் ஒன்றே இரண்டு அடிக்குப் பரவும். தண்டை ஒட்டி வைக்காமல் நான்கைந்து அங்குலம் தள்ளி வையுங்கள், வேர்க்கழுத்து அழுகாது.

அடைப்பு இரண்டு விதமாக வரும். வெள்ளைப் படிவம் என்றால் சுண்ணாம்பு. ட்ரிப்பரைக் கழற்றி வினிகரில் இரவு முழுக்க ஊறவைத்தால் கரையும். பழுப்பு நிற வழவழப்பு என்றால் தண்ணீரில் இரும்பு. தொட்டியில் ஒரு நாள் தெளியவைத்து, அடியில் தங்கும் கசடு வராதபடி கொஞ்சம் உயரத்திலிருந்து குழாய் எடுக்க வேண்டும். ஃபில்டரை வாரம் ஒரு முறை கழுவுங்கள், எண்ட் கேப்பை மாதம் இரு முறை திறந்து விடுங்கள். அணில் பைப்பைக் கடித்தால், பைப்பின் மேல் சருகு போட்டு மறைப்பது பெரும்பாலும் போதுமானது.

தானியங்கி டைமர் வாங்குபவர்கள், அழுத்தமே இல்லாமல் இயங்கும் பால் வால்வு வகை டைமரா என்று கேட்டு வாங்குங்கள். மின்காந்தத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வகைக்குக் குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும். தொட்டித் தண்ணீரில் சில நேரம் திறக்காது, சில நேரம் மூடாது. மூடாமல் விட்டால் காலையில் தொட்டி காலி.

வளர்ந்த தென்னைக்குக் கோடையில் நாளொன்றுக்கு 50 முதல் 65 லிட்டர் தேவைப்படும். அதை அடிமரத்தில் ஊற்றுவதால் பயன் இல்லை. தண்டிலிருந்து ஆறடி வட்டத்துக்குள் பரவியிருக்கும் வேர்தான் உறிஞ்சும். மூன்றடி தள்ளி நான்கு திசையிலும் சொட்டவிடுங்கள்.

மூடாக்கு

செலவே இல்லாமல் அதிகம் மிச்சப்படுத்தும் வேலை மண்ணை மூடுவதுதான். நம் பக்கம் பொருளுக்கும் பஞ்சமில்லை: சவுக்குச் சருகு, முந்திரிச் சருகு, நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்புச் சோகை, மல்லாட்டைத் தோல், தேங்காய் மட்டை. மண்ணை நன்றாக நனைத்துவிட்டு அதன் மேல் மூன்று அங்குலம் பரப்புங்கள். காய்ந்த மண்ணின் மேல் போட்டால், அடுத்து ஊற்றும் கொஞ்சத் தண்ணீரைச் சருகே குடித்துவிடும். மேற்பரப்பில் மட்டையைப் போடும்போது கவிழ்த்துப் போட வேண்டும். குழியில் புதைக்கும்போது நிமிர்த்தி அடுக்கினால் தண்ணீரைத் தேக்கும். தண்டைச் சுற்றி மூன்று அங்குலம் விட்டுவிடுங்கள். செம்மண்ணில் கரையான் வரும், சருகு தண்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் பட்டையில் ஏறிவிடும். தேங்காய் நார்க்கழிவைக் கட்டியாக வாங்கினால் இரண்டு முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகு பயன்படுத்துங்கள். கழுவாததில் உப்பு மிகுந்திருக்கும்.

மாடித் தொட்டிச் செடிகள்

சிமெண்டுத் தளத்தின் சூடு தொட்டியின் அடிவழியாக ஏறி வேரை வாட்டும். செடி துவள்வதைப் பார்த்து மேலும் ஊற்றுவோம், ஆனால் அங்கே குறைவது தண்ணீர் அல்லவே. தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி, ஒன்றோடொன்று நெருக்கி, 50 சதவீத நிழல் வலைக்குக் கீழே வைத்தால் தேவை வெகுவாகக் குறையும். 12 அங்குலத் தொட்டிக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர். அடித்துளையில் நாலு சொட்டு எட்டிப் பார்த்ததும் நிறுத்துங்கள். ஊற்றிய உடனேயே அடியில் கொட்டினால் மண் நிறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். காய்ந்து இறுகிய மண் சுருங்கி ஓரத்தில் விலகியிருக்கும், தண்ணீர் அந்தச் சந்து வழியாக ஓடிவிடும். அந்தத் தொட்டியை அரை மணி நேரம் பக்கெட் தண்ணீரில் அமுக்கி வைத்து, மேல் மண்ணைக் கிளறிவிட்டால் சரியாகும்.

காய்கறிப் பாத்திக்கும் பெரிய தொட்டிக்கும் புதைத்த மண்பானை அருமையான முறை. வண்ணமோ மெருகோ பூசாத ஐந்து லிட்டர் பானையைக் கழுத்துவரை புதைத்து, நிரப்பி, கொசு புகாதபடி மூடுங்கள். சுற்றி ஒரு அடிக்குள் இருக்கும் நான்கைந்து செடிகள் தாமே இழுத்துக்கொள்ளும். வாங்கியதும் நிரப்பி ஓர் இரவு வைத்துப் பாருங்கள்; காலையில் வெளிப்புறம் ஈரமாகத் தொட்டால் பானை நல்லது. அதிகம் சுட்ட பானை கசியாது. உப்புத் தண்ணீரில் நாளடைவில் துளை அடைத்துக்கொள்ளும்.

உப்பும் மறுபயன்பாட்டு நீரும்

தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டும் சிறிய டிடிஎஸ் மீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். 450க்குக் கீழே என்றால் கவலை இல்லை. 450 முதல் 2,000 வரை கவனம் வேண்டும். 2,000க்கு மேல் ரோஜா, எலுமிச்சை, அவரை எல்லாம் இலை நுனி கருகித் திணறும். அரளி, காகிதப்பூ, பூவரசு, சப்போட்டா, தென்னை, அருகம்புல் சமாளிக்கும். உப்புத் தண்ணீரை இலை மேல் தெளிக்கவே கூடாது. ஆவியான பிறகு உப்பு இலையிலேயே நின்றுவிடும். அளவாகச் சொட்டவிடும்போதும் மண்ணில் உப்பு சேரும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வழக்கத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக விட்டு அதைக் கீழே தள்ள வேண்டும். இந்தக் கூடுதல் தண்ணீரை வீண் என்று எண்ண வேண்டாம்.

ஆர்ஓ கழிவுநீர் மூலத் தண்ணீரைவிட உப்பானது, அதை மட்டும் தொடர்ந்து தொட்டிச் செடிக்கு ஊற்றினால் சில வாரங்களில் தெரிந்துவிடும். ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பே கிடையாது என்று சொல்லலாம். நம் கடலோரப் புழுக்கத்தில் ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு லிட்டர் வரை, சில நேரம் அதற்கு மேலும் தரும். இரண்டையும் ஒரே பக்கெட்டில் சேர்த்து மீட்டரில் பார்த்துப் பூச்செடிகளுக்கு ஊற்றலாம். அரிசி, காய்கறி கழுவிய நீரை எதற்கும் ஊற்றலாம். வாஷிங் மெஷினின் முதல் சோப்பு நீர் வேண்டாம். கடைசி அலசல் நீர் வாழை, கல்வாழைக்கு ஆகும், ஆனால் அன்றன்றே ஊற்றிவிட வேண்டும், மறுநாள் நாறும். கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் இது கூடாது.

கத்திரி மே 28 வாக்கில் முடிந்தாலும் இந்தப் பக்கம் ஜூனிலும் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றால் வெயில் தணிவதில்லை. கடற்காற்று தாமதமாகத்தான் உள்ளே வரும். எனவே அட்டவணையை ஜூன் கடைசிவரை மாற்றாதீர்கள். இடையில் 10 மி.மீ. கோடை மழை ஒன்று பெய்தாலும் 1,000 சதுர அடி மாடியிலிருந்து 700 லிட்டருக்கு மேல் பிடிக்கலாம். முதல் ஐந்து நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு டிரம்மில் திருப்புங்கள். புதிதாகப் புல் பதிக்கவோ மரக்கன்று வைக்கவோ நினைத்தால் அக்டோபர்வரை காத்திருங்கள்.

உப்புத் தண்ணீரில் சொட்டுநீர் ஓட்டுபவர்கள் முதல் மழைக்கு ஒன்றைச் செய்ய வேண்டும். கோடை முழுதும் சொட்டிய இடத்தின் விளிம்பில், வெள்ளை வளையமாக உப்பு ஒதுங்கியிருக்கும். லேசான முதல் தூறல் அதைக் கரைத்து மறுபடி வேருக்கே கொண்டுவரும். மழை பெய்த மறுநாள் செடி வாடுவதன் காரணம் பல நேரம் இதுதான். தூறல் தொடங்கியதும் வால்வை மூட ஓடாமல், மண் நன்றாக நனையும்வரை சொட்டுநீரையும் ஓடவிடுங்கள். உள்ளிருந்து வரும் ஈரம் உப்பை வெளியிலேயே நிறுத்தி வைக்கும். இரண்டு அங்குலத்துக்கு மேல் பெருமழை கொட்டிய பிறகு வால்வை மூடலாம்.